வாவிக்கரையும் சர்வகலாசாலை வாசலும்

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளிலே மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் உள்ள ஊர்களைப் பார்த்தல் வேண்டும். ஒரு வீட்டில் பொங்கலும் பலகாரமும். அடுத்த வீட்டில், தந்தையின் முகத்தைப் பார்க்க அஞ்சி மகன் அறைக்குள் ஒடுங்கிக் கிடப்பான். ஒரு பரீட்சை இளம் உள்ளத்தின்மீது இத்துணைப் பாரத்தை ஏற்றியது எங்ஙனம்? அதற்கொரு சரித்திரம் உண்டு.

இலங்கைச் சர்வகலாசாலை 1942 இல் தோன்றிற்று. 1959 வரை இத்தீவு முழுமைக்கும் அது ஒன்றே. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1943 இல் அதன் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். ஆயினும் அவர் பிறந்த மண்ணின் பிள்ளைகளிற் பலர்க்கு அவ்வாசல் தொலைவிலேயே இருந்தது.

பின்னர் வாசலின் அளவுகோலே மாறிற்று. 1971 இல் வந்த தரப்படுத்தலின்படி, மருத்துவம் பயிலத் தமிழ்மொழி மூலம் தோற்றியோர் 250 புள்ளியும், சிங்களமொழி மூலம் தோற்றியோர் 229 புள்ளியும் பெறவேண்டியிருந்தது. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. வசதி குறைந்த மாவட்டங்களுக்கு அது வழிவிட்டது. யாழ்ப்பாணத்து மாணவர்க்கோ வாசல் ஒடுங்கிற்று. ஒரு புள்ளியே வாழ்வைத் தீர்மானிக்கும் என்னும் எண்ணம் அன்று வேரூன்றியது.

1981 ஆகஸ்ட் முதலாந் திகதி வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. வாசல் வீட்டருகே வந்தது, நிம்மதி வரவில்லை. 1990 இல் அவ்வளாகம் அகதிகளின் புகலிடமாயிற்று. செப்டெம்பர் 5 அன்று அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் மீளவில்லை. அத்தகைய துயரின் நடுவிலும் அப்பக்கத்துப் பிள்ளைகள் படித்தார்கள்.

இன்றும் பல்கலைக்கழக அனுமதிக்காக மும்முறையே தோற்றலாம்; தகுதி பெற்றோர் அனைவர்க்கும் இடமில்லை. உள்ளே புகுந்தாலும், தமிழிற் படித்து வந்த கிராமத்துப் பிள்ளை விஞ்ஞான விரிவுரையை ஆங்கிலத்திற் கேட்டுத் திகைக்கின்றது. ஊரே மெச்சி அனுப்பிய பிள்ளை, ‘எனக்கு விளங்கவில்லை’ என்று யாரிடம் சொல்லும்?

பெற்றோரே, இடங்களின் குறைவு நாட்டின் குறை. அதனைப் பிள்ளையின் குற்றமாக்காதீர்கள். பெறுபேறு வரும் மாலையில், புள்ளியைக் கேட்குமுன் ‘சாப்பிட்டாயா?’ என்று கேளுங்கள். அறைக் கதவு திறக்க அச்சொல் போதும்.