இரு டேங்க், ஒரு காக்: சங்ககிரி வட்டாரத்தில் எரிபொருள் வழியின் வரலாறு

சேலத்திலிருந்து கோயம்புத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில், கோட்டை தாங்கிய ஒற்றை மலையின் அடிவாரத்தில் அமைந்த சங்ககிரி, தீரன் சின்னமலை 1805-இல் தூக்கிலிடப்பட்ட ஊராகவே வரலாற்று நூல்களில் பெரிதும் பேசப்படுகிறது; ஆனால் கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக அவ்வூருக்கும், அதை அடுத்த திருச்செங்கோடு, நாமக்கல் ஆகிய ஊர்களுக்கும் சோறு போட்டு வருவது லாரித் தொழிலே ஆகும். இத்தொழிலைப் பற்றி எழுதுவோர் முதலாளிகளின் துணிவையும் ஓட்டுநர்களின் உழைப்பையும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றனர். டேங்க்கிலிருந்து இன்ஜினுக்கு எரிபொருள் செல்லும் வழியைப் பட்டறைக்காரர்கள் கற்றுத் தேர்ந்த வரலாறும் அதற்குச் சற்றும் குறைந்ததன்று. அவ்வழியில் மிகச் சிறிய உறுப்பான காக், அதாவது எந்த டேங்க்கிலிருந்து எண்ணெய் வரவேண்டும் என்பதைத் திருப்பிவிடும் அடைப்பான், அந்த வரலாற்றை விளக்கப் போதுமானது.

ஒரே இன்ஜினுக்கு இரண்டு எரிபொருள் என்ற ஏற்பாடு டீசலுக்கு முந்தியது. 1917-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஃபோர்ட்சன் டிராக்டரில் பெட்ரோலுக்கு ஒரு சிறு தொட்டியும் மண்ணெண்ணெய்க்கு ஒரு பெரிய தொட்டியும் இருந்தன. குளிர்ந்த இன்ஜினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதால், பெட்ரோலில் கிளப்பிச் சூடேறிய பிறகே காக்கைத் திருப்பினர். வண்டியை நிறுத்துவதற்குச் சற்று முன்பு மீண்டும் பெட்ரோலுக்குத் திருப்ப மறந்தவர், மறுநாள் காலையில் கிளப்ப முடியாமல் திண்டாடினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது சென்னை மாகாணத்துப் பேருந்துகளும் லாரிகளும் கரிவாயுவுக்கு மாறின. அதாவது அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, அதில் எழும் வாயுவைக் குளிரவைத்து வடிகட்டி இன்ஜினுக்குள் செலுத்தினர். மதுரை டி.வி.எஸ். நிறுவனம் இதற்கான கலத்தைத் தானே வடிவமைத்துச் செய்தது. அவ்வண்டிகளையும் பெரும்பாலும் பெட்ரோலில் கிளப்பியே பின்னர் வாயுவுக்குத் திருப்பினர் என்பதால், மாற்றும் நேரம் தெரிந்த ஓட்டுநருக்குத் தனி மதிப்பு இருந்தது.

விடுதலைக்குப் பின் டீசல் வந்தது. 1948-இல் தொடங்கப்பெற்ற அசோக் மோட்டார்ஸ் 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1954-இல் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. 1951-இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற மைகோ, டீசலை மிகுந்த அழுத்தத்தில் நாசிலுக்கு, அதாவது இன்ஜினுக்குள் அதைத் தெளிக்கும் முனைக்கு, அனுப்பும் பம்பை உள்நாட்டிலேயே தரலாயிற்று. வானம் பார்த்த பூமியான இவ்வட்டாரத்தில் விவசாயத்தை மட்டும் நம்பி வாழ இயலாத குடும்பங்கள் லாரி வாங்கத் துணிந்தன. 1963-இல் சங்ககிரியில் இயங்கத் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை அந்த லாரிகளுக்குப் பாரம் தந்தது. 1975-இல் நடைமுறைக்கு வந்த நேஷனல் பெர்மிட், அதாவது பல மாநிலங்களில் ஓட்டும் அனுமதி, பிற மாநிலச் சாலைகளைத் திறந்துவிட்டது.

நெடுந்தூர ஓட்டம் கூடியபோது டேங்க்கின் அளவும் ஒரு கவலையாயிற்று. டீசல் மீதான வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், விலை குறைந்த இடத்தில் நிரப்பிக்கொள்வது வாடகையில் மிச்சம் காட்டும் வழியாக இருந்தது. திருச்செங்கோட்டின் ரிக் லாரிகளில், அதாவது துளையிடும் இயந்திரம் ஏற்றிய லாரிகளில், தேவை இன்னும் கூடுதல். 1967-ஆம் ஆண்டு வறட்சியின்போது யுனிசெஃப் அமைப்பு, காற்றழுத்தச் சுத்தியலால் பாறையைத் துளைக்கும் இயந்திரங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அம்முறையில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக்கில் வண்டியை நகர்த்த ஓர் இன்ஜினும், கம்ப்ரசரை இயக்கப் பெரும்பாலும் வேறோர் இன்ஜினும் இருந்ததால், டேங்க்குகளும் குழாய்களும் பெருகின.

டேங்க் ஒன்றுக்கு மேல் ஆகும்போதுதான் டீசல், பெட்ரோலிலிருந்து வேறுபடுகிறது. கார்புரேட்டர் வைத்த பழைய பெட்ரோல் வண்டியில் எண்ணெய் ஒரு வழியாகவே சென்றது. ஆகவே இரண்டு டேங்க் இருந்தாலும் மூன்று வாய் கொண்ட ஒரு காக் போதும். டீசல் இன்ஜினிலோ பம்பில் மிஞ்சுவதும் நாசிலில் கசிவதும் ரிட்டர்ன் லைன் எனப்படும் திரும்பு குழாய் வழியே மீண்டும் டேங்க்கை அடைகின்றன. எடுக்கும் குழாயை மட்டும் திருப்பித் திரும்பு குழாயைத் திருப்பாமல் விட்டால், ஒரு டேங்க் விரைவில் வற்ற, மற்றது நிரம்பி மூடி வழியே வழிந்து சாலையில் ஓடும். அமெரிக்காவில் 1980-களில் ஓடிய மோட்டார்ஹோம்கள், அதாவது படுக்கையும் சமையலறையும் கொண்ட வீட்டு வண்டிகள், பலவற்றில் இதற்கு ஆறு வாய் கொண்ட மின்வால்வு இருந்தது: எடுக்கும் வழிக்கு மூன்று, திரும்பும் வழிக்கு மூன்று. டாஷ்போர்டில் உள்ள ஒரே சுவிட்ச் வால்வையும் எண்ணெய் அளவு காட்டும் மீட்டரையும் சேர்த்தே மாற்றியது. வால்வு நடுவில் சிக்கிக்கொண்டு மீட்டர் மட்டும் மாறினால், நிறைந்த டேங்க்கை முள் காட்டிக்கொண்டிருக்கையிலேயே வண்டி நின்றுபோகும்.

இக்கோளாறைக் கண்டறியும் முறை எந்த நாட்டிலும் ஒன்றுதான். பட்டறைக்காரர்கள் அதைப் புத்தகமின்றியே செய்து பழகினர். முதல் டேங்க்கில் நன்றாக ஓடும் இன்ஜின் இரண்டாவதற்குத் திருப்பியதும் இழுவை குறைந்து நின்றால், பம்பிலும் நாசிலிலும் குறையில்லை என்பது அங்கேயே முடிவாகிறது. அடுத்து, ஒரு கேனில் டீசல் ஊற்றி உயரத்தில் தொங்கவிட்டு, டேங்க்கிலிருந்து டீசலை உறிஞ்சும் ஃபீட் பம்புக்கு நேரே குழாய் கொடுத்து ஓட்டிப் பார்ப்பர். ஓடினால் பழுது டேங்க்குக்கும் பம்புக்கும் இடையில் இருக்கிறது. பிறகு காக்கை விலக்கிவிட்டு இரண்டாம் டேங்க்கின் குழாயை நேராக இணைப்பர். அப்போதும் ஓடினால் குற்றவாளி காக். ஓடாவிட்டால் டேங்க்குக்குள் இறங்கும் குழாய் வெடித்திருக்கலாம், அதன் அடியிலுள்ள சல்லடையைத் துரு அடைத்திருக்கலாம், அல்லது மூடியிலுள்ள காற்றுத்துளை மண் படிந்து அடைபட்டிருக்கலாம். மூடியைச் சற்றுத் தளர்த்தியதும் உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டால் கடைசிக் காரணமே உறுதி.

இவற்றுள் ஏமாற்றுவது காற்றுக் கசிவுதான். டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரையுள்ள குழாயில் இருப்பது உறிஞ்சல். ஆகவே காக்கின் ரப்பர் வளையம் காய்ந்து விரிசல் விட்டால் டீசல் வெளியே சொட்டுவதில்லை, காற்றுதான் உள்ளே செல்கிறது. தரையில் ஈரமே இல்லாமல், குழாயில் காற்று அடைத்து வண்டி ஏர் லாக் ஆகும். அப்போது ஃபில்டரின் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை மேலும் கீழும் அடித்தால், முதலில் நுரை நுரையாகவும், பிறகு விட்டுவிட்டும், கடைசியில் குமிழியில்லாத ஒரே தாரையாகவும் டீசல் வரும். தாரை ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகை இறுக்கவேண்டும். ஏர் எடுத்த சில மைலுக்குள் அதே தொல்லை திரும்பினால் கசிவு இன்னும் இருக்கிறது என்று பொருள். காக்குக்கு அடுத்துக் கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் பொருத்தினால், குமிழிகள் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்பதைப் பார்த்தே சொல்லிவிடலாம். இவ்வளவுக்கும் தேவைப்படுவது இரண்டு ஸ்பானரும் பொறுமையும்தான். விலையுயர்ந்த பம்பைக் கழற்றி அனுப்பிவிட்டுப் பிறகு காக்கைப் பார்ப்பது தலைகீழ்ப் பாடம்.

எரிபொருளே மாறும்போதும் இவ்வளையங்கள் பாதிக்கப்படுகின்றன. 1993-இல் அமெரிக்காவில் கந்தகம் குறைந்த டீசல் கட்டாயமானபோது, பழைய வண்டிகள் சிலவற்றின் ரப்பர் வளையங்கள் சுருங்கிக் கசியத் தொடங்கின. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள பி.எஸ். 6 என்னும் வாகனப் புகை விதிமுறை, டீசலில் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கந்தகம் கூடாது என்கிறது. அவ்விதியின்கீழ் வந்த லாரிகளில் இரண்டாவது தொட்டி ஒன்று மீண்டும் இடம்பெற்றது. ஆனால் அதில் இருப்பது எரிபொருள் அன்று, புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் 32.5 விழுக்காடு யூரியாக் கரைசல். இந்த இரண்டையும் காக் எதுவும் இணைப்பதில்லை, இணைக்கவும் கூடாது: கரைசலை டீசல் டேங்க்கில் தவறி ஊற்றினால் பம்பும் நாசிலும் கெட்டுவிடும். அப்படி ஊற்றிவிட்டதாக ஐயம் எழுந்தால், சாவியைத் திருப்பாமல் டேங்க்கை முழுவதும் வடித்துக் கழுவுவதே முதல் வேலை.

கூடுதல் டேங்க் பொருத்துவது இன்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுக்கு உட்பட்டது; நிறுவனம் தந்த வடிவத்தை விருப்பம்போல் மாற்ற இயலாது. இது சரியான கட்டுப்பாடே, ஏனெனில் தரமற்ற காக்கும் முறையற்ற குழாயும் தீ விபத்துக்கு வழி வகுக்கும். ஆனால் கணினி பொருத்திக் கோளாறு பார்க்கும் இக்காலத்தில், கேன் வைத்து ஓட்டிப் பார்த்த தலைமுறை பட்டறையை விட்டு விலகி வருகிறது. அவர்களுடைய முறைகளைப் படத்துடனும் பெயர்களுடனும் பதிவு செய்யும் பணியைச் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் பாலிடெக்னிக் கல்லூரிகளும் லாரி உரிமையாளர் சங்கங்களும் இணைந்து இப்போதே மேற்கொள்ள வேண்டும்.