குளிர் நாடிச் சென்றவர்களும் கூலி நாடிச் சென்றவர்களும்

நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வரலாற்றுச் செய்தி ஒன்றை இம்மலரின் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

சித்திரை பிறந்துவிட்டால் நமது ஆவூர் வட்டாரத்தில் வெயில் எவ்வாறு காயும் என்பதை நாம் எவர்க்கும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. குளங்கள் வறண்டு, தரை வெடித்து, அனற்காற்று வீசும் கத்திரி வெயிலில் காகமும் நிழல் தேடி ஒதுங்கும். இத்தகைய கோடைக்கு அஞ்சிக் குளிர்ந்த நிலத்திற்குக் குடிபெயர்வது மனித இயல்பே. ஆயினும், வெயிலை விட்டு விலகிச் செல்லும் உரிமை எல்லோர்க்கும் ஒன்றுபோல் இருந்ததா? குளிர்மலையை நாடி ஏறியவர் யாவர்? அவர்களைச் சுமந்து ஏறியவர் யாவர்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துரைமார் கண்ட குளிர்மலை

வெள்ளையர் இந்நாட்டை ஆண்ட காலத்தில் அவர்களை மிகவும் வாட்டியவை நம் நாட்டுக் கோடையும் அதனோடு வந்த நோய்களுமே ஆகும். சென்னையின் வெயிலும் கடற்கரைப் புழுக்கமும் அவர்களால் தாங்கவொண்ணாதனவாயின. காலராவும் காய்ச்சலும் அவர்தம் மனைவி மக்களையும் கொண்டு சென்றன.

கோயமுத்தூர் மாவட்ட ஆட்சியராக இருந்த சான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் நீலகிரி மலைக்குச் சென்றார். அங்கு நிலவிய குளிர் தம் தாய்நாட்டை நினைவூட்டவே, 1822-இல் உதகமண்டலத்தில் கல்வீடு ஒன்றைக் கட்டத் தொடங்கினார். அதன்பின் ஏரி அமைந்தது. மாதாகோயிலும் பூங்காவும் எழுந்தன. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7,350 அடி உயரத்தில் அமைந்தது அவ்வூர். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் குறையும் என்பது நாம் வகுப்பில் கற்பிக்கும் பாடம். இயற்கையின் இவ்விதியே மலை நகரங்கள் தோன்றக் காரணமாயிற்று.

மதுரையில் தொண்டாற்றிய அமெரிக்கப் பாதிரிமார் 1845-இல் கோடைக்கானலில் வீடுகள் அமைத்துக்கொண்டனர். 1864 முதல் இந்தியப் பேரரசின் அரசு முழுவதுமே கல்கத்தாவை விட்டுக் கோடைக்காலத்தில் சிம்லாவுக்குச் செல்லலாயிற்று. சென்னை அரசும் 1870-களிலிருந்து ஆண்டின் பல மாதங்களை உதகையிலேயே கழித்தது. ஆளுநர், ஆலோசகர், எழுத்தர், கோப்புக் கட்டுகள் அனைத்தும் மலையேறின. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டதும் இக்காலத்திலேதான் என்பதை மறத்தலாகாது. சமவெளியில் உள்ள மக்களின் துயரைக் குளிர்மலையில் அமர்ந்து ஆள்வதா என்று சென்னை நகரத்தாரே அந்நாளில் கண்டனம் எழுப்பினர்.

சுமந்தவர் தோள்கள்

மலைக்கு இருப்புப்பாதை வருவதற்கு முன் துரைமார் எவ்வாறு மேலே சென்றனர்? 1834-இல் சென்னையில் வந்திறங்கிய மெக்காலே, உடல்நலம் கருதி உதகையில் தங்கியிருந்த தலைமை ஆளுநர் பெண்டிங்கைக் காணப் புறப்பட்டார். நானூறு மைல் தூரத்தையும் மனிதர்களின் தோள்மீதே கடந்ததாக அவரே எழுதியுள்ளார். மறு ஆண்டிலே இந்நாட்டின் கல்வி முறையை ஆங்கிலத்தின்பால் திருப்பிய குறிப்பை எழுதியவரும் அவரே. அவர் பெயரை நம் மாணவர் அனைவரும் படிக்கின்றனர். ஆனி மாத வெயிலில் அவரது பல்லக்கைத் தூக்கி நடந்தவர்களின் பெயரை எந்தப் பாடநூலில் படிப்பது?

கோடைக்கானலுக்கும் இவ்வாறே. மோட்டார் சாலை அமையும் வரை பெண்டிரும் பிள்ளைகளும் டோலிகளில் சென்றனர்; பெட்டியும் பேழையும் கூலிகளின் தலையில் ஏறின. உழைக்கும் மக்களின் தோளும் தலையும் இல்லையேல் எந்த மலை நகரமும் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இலும், உதகைக்கு 1908-இலும் இருப்புப்பாதை எட்டியது. பாறையை உடைத்துப் பாதை சமைத்ததும் உழைப்பாளர் கைகளே.

மலை அதற்கு முன் ஆளில்லாத வெற்றிடமாகவும் இருந்ததில்லை. தோதவர், கோத்தர், படகர், இருளர், குறும்பர் ஆகியோரின் தாயகம் அது. அவர்தம் மேய்ச்சல் நிலங்கள் மிகச் சொற்ப விலைக்குக் கைமாறின. ஒருவர் குளிர்காய மற்றவர் இடம் பெயர நேர்ந்தது என்பதே அவ்வரலாறு.

வெயிலிலும் ஒரு விலக்கு

துரைமார் மலையேறிய அதே காலத்தில் சமவெளியில் இருந்த நம் முன்னோர் நிலை யாது? நடவு வயலிலும் களத்து மேட்டிலும் அவர்கள் நின்றனர். பொதுக் கிணற்றில் நீர் எடுக்க உரிமையில்லை. தாகத்திற்கும் பிறர் மனமிரங்கி ஊற்றும் வரை காத்திருக்க வேண்டும்.

1930 டிசம்பரில், நமக்கு அண்டையிலுள்ள இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிட மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன் வெள்ளி நகை அணியலாகாது, மண்பாண்டமன்றி வேறு கலம் புழங்கலாகாது என்பன போன்ற அத்தடைகளுள் இறுதியானது யாது தெரியுமா? வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கலாகாது. செருப்பு அணியலாகாது என்பதே!

இளைஞர்களே, இதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒருவனுக்கு வெயிலிலிருந்து தப்ப ஒரு மலையே உரிமையாகிறது. மற்றொருவனுக்கு முழ அகலக் குடை நிழலும் மறுக்கப்படுகிறது. கோடை ஒன்றுதான், சூரியனும் ஒன்றுதான். ஆனால் நிழல் மட்டும் சாதி பார்த்தே பங்கிடப்பட்டது.

கூலிக்காக ஏறிய மலைகள்

நம் மக்களும் குளிர்ந்த மலைகளுக்குச் சென்றதுண்டு. அவர்கள் சென்றது குளிருக்காக அன்று, கஞ்சிக்காக. பஞ்சமும் பண்ணையடிமை முறையும் ஒருபுறம் தள்ள, கங்காணியின் ஆசை வார்த்தைகளும் முன்பணமும் மறுபுறம் இழுத்தன. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து ஆயிரமாயிரமாய் இலங்கை மலைநாட்டுக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட வகுப்பினரே. தொண்டி, அம்மாபட்டினம் முதலிய கரைகளில் தோணியேறி, மன்னாரில் இறங்கி, நூறு மைலுக்கு மேல் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். காலராவுக்கும் காய்ச்சலுக்கும் இரையாகி வழியிலேயே மடிந்தவர் பலர்.

முதலில் காப்பித் தோட்டம். 1869-இல் தோன்றிய இலைநோயால் காப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டம். நுவரெலியா துரைமார்க்கு இளைப்பாறும் குளிர்நகரம். அதே மலையில் நம்மவர்க்கு வாய்த்ததோ பத்துக்குப் பன்னிரண்டு அடி கொண்ட லயத்து அறை. விடியற்காலைப் பனியில் பெரட்டுக் களத்தில் நின்று, மழையில் நனைந்து, அட்டை கடிக்கக் கொழுந்து பறித்தனர். குளிர் துரைக்கு மருந்தாயிற்று. கம்பளியில்லாத தொழிலாளிக்கு அதுவே நோயாயிற்று. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்திற்குச் செல்லவும் கடன் கணக்கெழுதிய துண்டுச் சீட்டு வேண்டும். 1921-இல்தான் அத்துண்டு முறை ஒழிந்தது.

ஆதலின், தட்பவெப்பம் நல்லதாக இருந்தால் மட்டும் வாழ்வு நல்லதாகிவிடாது என்பதை இவ்வரலாறு நமக்குத் தெளிவுறக் காட்டுகின்றது.

மலையில் பிறந்த விழிப்பு

எனினும், மலை நமக்குக் கண்ணீரை மட்டும் தரவில்லை. ஊரின் பழங்கட்டுகள் சற்றே தளர்ந்த அம்மலையில்தான் நம் விடுதலைக் குரலும் தொடக்கத்தில் உரத்து ஒலித்தது.

1845-இல் பிறந்த காத்தவராயன் என்னும் சிறுவன் நீலகிரியில் வளர்ந்தான். தமிழும் சித்த மருத்துவமும் பயின்று, ஆசிரியர்மீது கொண்ட பற்றால் அவர் பெயரையே தன் பெயராகப் பூண்டு, அயோத்திதாசப் பண்டிதராக உயர்ந்தான். அவருடைய பாட்டனார் கந்தப்பனார் ஆங்கில அதிகாரி ஒருவரிடம் பணியாற்றியவர். திருக்குறள் ஏடு எல்லீசு துரையின் கைக்குச் சென்றது அக்கந்தப்பனார் வழியாகவே என்று பண்டிதர் எழுதியுள்ளார். துரையின் வீட்டில் பணி செய்த குடும்பத்தில் குறள் ஏடு இருந்தது என்பதை நாம் பெருமிதத்தோடு நினைவுகூர வேண்டும்.

பண்டிதர் 1870-களில் நீலகிரியிலேயே அத்வைதானந்த சபையை நிறுவினார். 1891 டிசம்பர் முதல் நாள் திராவிட மகாஜன சபையின் மாநாடு நீலகிரியில் கூடிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது. நம் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி, தகுதியுடையோர்க்கு அரசுப் பணி, பொதுக் கிணறு குளங்களில் நீர் எடுக்கும் உரிமை ஆகியன அவற்றுள் அடங்கும். அரசு கோடைதோறும் வந்து இளைப்பாறிய மலையில் நின்றே நம் பெரியோர் உரிமை கேட்டனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

1859-இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசனாரும் நீலகிரியில் வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணிபுரிந்தவரே. 1890-இல் சென்னை வந்து, 1893-இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். இழிவுக்குரியதாக்கப்பட்ட பெயரையே தலைநிமிர்ந்து சூட்டிய துணிவு அது! பின்னர் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராகவும், இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தவராகவும் விளங்கினார். அவர் உறுப்பினராக இருந்த அச்சட்டமன்றமே, பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லா வகுப்பினர்க்கும் உரியன என 1924-இல் தீர்மானித்தது. 1891-இல் மலைமீது எழுந்த கோரிக்கை முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்துச் சட்டமன்றத்தில் பலித்தது.

இவ்விருவரையும் உயர்த்தியது மலைக்காற்றன்று, கல்வியே. துரையோடு மலைக்குச் சென்றோர் பலர். அவர்களுள் ஏடும் எழுத்தும் கைக்கொண்டவர்களே சமுதாயத்தை எழுப்பினர்.

மீண்டும் ஒரு பெயர்ச்சி

இலங்கை விடுதலை பெற்ற 1948-ஆம் ஆண்டிலேயே மலையகத் தமிழரின் குடியுரிமை பறிபோயிற்று. 1964 அக்டோபரில் ஏற்பட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. தலைமுறைகளாகக் குளிர்மலையில் வாழ்ந்தவர்கள், பாட்டன் விட்டுச் சென்ற வறண்ட சீமைக்குத் திரும்பினர். நிலமில்லை, உறவும் அற்றுப்போயிருந்தது, வெயிலும் பழக்கமில்லை. அவர்களுள் பலர் மீண்டும் நீலகிரி ஏறினர். தாயகம் திரும்பியோர்க்கென அரசு 1968-இல் அங்குத் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. அதுவே பின்னர் 'டான்டீ' எனும் கழகமாயிற்று. நம் மக்களின் இடப்பெயர்ச்சிகளில் அவர்தம் விருப்பம் கேட்கப்பட்டது மிக அரிது.

இன்று நாம் செய்யத்தக்கது

இன்று உதகைக்கும் கோடைக்கானலுக்கும் செல்லும் கூட்டம் பெருகிவிட்டது. 2024 மே மாதம் முதல் நீதிமன்ற ஆணைப்படி அங்குச் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறையே வந்துவிட்டது. அதே ஆண்டில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயில் ஆண்டுக்காண்டு கடுமையாகின்றது. அறையைக் குளிரூட்டிக்கொள்ள வசதியுள்ளோர் தப்பிவிடுவர். செங்கற் சூளையிலும் சாலைப் பணியிலும் வயலிலும் நிற்போர் எங்கே செல்வர்? அங்கு நிற்போரில் நம்மவரே மிகுதி. நீரும் இன்னும் அச்சமற்றதாகிவிடவில்லை. 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில், நம் மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்த கொடுமையை நாடே கண்டது.

ஆசிரியப் பணியில் நாம் ஆண்டுதோறும் காணும் துயரம் ஒன்றுண்டு. கோடை விடுமுறையில் கூலி வேலைக்கென வெளியூர் செல்லும் பிள்ளைகளுள் சிலர் சூன் மாதத்தில் பள்ளிக்குத் திரும்புவதில்லை. கங்காணியின் முன்பணம் இன்று வேறு பெயரில் வருகின்றது, அவ்வளவே வேறுபாடு. பெற்றோர்களே, அப்பணத்தை வாங்கும் முன் ஒரு கணம் நின்று எண்ணுங்கள். சங்க உறுப்பினர்களே, விடுமுறை முடிந்ததும் வீடுதோறும் சென்று, வாராத பிள்ளை யார் எனக் கேளுங்கள். இதனினும் பெரிய வெள்ளி விழாப் பணி வேறில்லை.

ஊரை விட்டுச் செல்லாதீர்கள் என்று நாம் கூறவில்லை. சாதியின் கோட்டையாக விளங்கும் கிராமத்தைப் போற்ற வேண்டா என்று அண்ணல் அம்பேத்கர் 1948-இல் அரசியல் நிர்ணய சபையிலேயே முழங்கினார். செல்லுங்கள்; ஆனால் பிறர் பல்லக்கைச் சுமந்து செல்லாதீர்கள். பட்டத்தோடு செல்லுங்கள், பதவியோடு திரும்புங்கள். திரும்பும்போது நம் தெருவில் ஒரு வேம்பையும் ஒரு புங்கையும் நடுங்கள். நம் குளத்தைத் தூர்வார முன்னில்லுங்கள். நம் பிள்ளைகள் படிக்க நிழலுள்ள ஒரு கூடம் எழுப்புங்கள்.

முன்னோர்க்குக் குடை நிழல் மறுக்கப்பட்டது. அவர் வழிவந்த நாம், எவர்க்கும் மறுக்காத நிழலை இம்மண்ணிலேயே உண்டாக்குவோமாக!

வாழ்க கல்வி! வளர்க நம் சமுதாயம்!