18 வயதில் 'அ, ஆ': குமரி மாவட்டத்தில் கதை எழுதக் கற்றவர்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை ஆங்காங்கே திருத்தப்பட்டுள்ளது.)

கொஞ்ச நாளாவே உங்ககிட்ட இருந்து ஒரே மாதிரி கேள்வி வந்துட்டிருக்கு. "இங்கிலீஷ் மீடியத்துல படிச்சேன். தமிழ் பேசுவேன், ஆனா நாலு வரி சேர்ந்தாப்ல எழுத வராது. இந்த வயசுல தமிழ்ல கதை எழுதக் கத்துக்க முடியுமா?" நியாயமான கேள்விதான். இதுக்கு ஊக்கப் பேச்சு எதுவும் வேண்டாம். இன்னைக்கு ஒரு மாவட்டத்தோட வரலாற்றைப் பார்ப்போம், பதில் அதுக்குள்ளயே இருக்கு.

சுந்தர ராமசாமி. சு.ரா.ன்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். 'ஒரு புளியமரத்தின் கதை', 'ஜே.ஜே: சில குறிப்புகள்' எழுதியவர். அவர் தமிழ் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டது 18 வயசுல. ஆமா, 18.

வீட்டுல பேசினது தமிழ்தான். அப்புறம் எப்படி இப்படி ஆச்சு? இங்கே கொஞ்சம் வரைபடம் தேவைப்படுது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்கோடி. அரசு அலுவலகங்களிலும் பல பள்ளிக்கூடங்களிலும் மலையாளம் ஓங்கியிருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. இதில் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான் நாஞ்சில் நாடு. 1931இல் பிறந்த சு.ரா.வின் சிறுவயதில் ஒரு பகுதி கோட்டயத்தில் கழிந்தது. பள்ளியில் படித்தது மலையாளமும் சமஸ்கிருதமும். வீட்டுல ஒரு மொழி, சிலேட்டுல வேற மொழி. உங்களுக்கும் இது பழக்கப்பட்ட நிலைமைதானே?

சரி, அவர் எப்படிக் கத்துக்கிட்டார்? அப்போ நாவல் எழுதச் சொல்லித்தர வகுப்பு எதுவும் கிடையாது. அவர் கையில் எடுத்தது மொழிபெயர்ப்பு. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் மலையாளத்தில் எழுதிய நாவலை 'தோட்டியின் மகன்' என்று தமிழுக்குக் கொண்டுவந்தார். ஆலப்புழையின் துப்புரவுத் தொழிலாளிகளைப் பற்றிய நாவல் அது. தமிழ் எழுத்தைக் கற்றுச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்த ஒரு இளைஞர் செய்த வேலை. இதழில் வந்த அந்த மொழிபெயர்ப்பு புத்தகமானது 2000இல்!

மொழிபெயர்க்கும்போது என்ன நடக்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. கதையை நீங்க கண்டுபிடிக்க வேண்டாம், அது ஏற்கெனவே இருக்கு. உங்க முழுக் கவனமும் வாக்கியத்து மேலதான். இந்த இடத்துல ஏன் பேச்சு வருது, இந்த அத்தியாயம் ஏன் இங்கேயே நிக்குதுன்னு ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் பார்த்தாகணும். ஒரு மெக்கானிக் இன்ஜினைக் கழற்றி மாட்டிப் படிக்கிற மாதிரி. சு.ரா.வுக்கு இதுதான் பள்ளிக்கூடம்னு நான் நினைக்கிறேன்.

இரண்டாவது, ஒரு முன்னோடி. புதுமைப்பித்தன் 1948இல் திருவனந்தபுரத்தில் இறந்துபோனார். அவருக்காக ஒரு நினைவு மலர் கொண்டுவரும் வேலையில் சு.ரா. இறங்கினார். 1951இல் வந்த அந்த மலரில்தான் அவருடைய முதல் கதை 'முதலும் முடிவும்' அச்சானது. வயசு 20. தனக்குப் பிடித்த எழுத்தாளருக்காக மலர் தயாரிப்பதும், அதிலேயே தன் முதல் அடியை வைப்பதும் சேர்ந்தே நடந்தது.

மூன்றாவது, காது. 'ஒரு புளியமரத்தின் கதை'யில் தாமோதர ஆசான் என்று ஒரு கிழவர் வருவார். பையன்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்பார்கள். நாகர்கோவில் கடைத்தெரு, வியாபாரிகள், முனிசிபாலிட்டி அரசியல், தேர்தல் எல்லாம் வாய்ப்பேச்சின் வேகத்தில் அந்த நாவலுக்குள் வந்துவிடும். சு.ரா. குடும்பத்தின் துணிக்கடையைப் பார்த்துக்கொண்டவர். கடையில் உட்கார்ந்தால் ஊர் பேசுவது முழுக்கக் காதில் விழும். இலக்கணப் புத்தகத்தில் இல்லாத தமிழ் அது.

இப்போ கணக்குப் போடுங்க. முதல் கதை 1951. முதல் நாவல் புத்தகமானது 1966. நடுவில் 15 வருஷம். அடுத்த நாவல் 'ஜே.ஜே' 1981, அதுக்கும் 15 வருஷம். அதில் நாயகன் ஜோசப் ஜேம்ஸ் ஒரு மலையாள எழுத்தாளன், கதை சொல்லும் பாலு தமிழ் எழுத்தாளன். தமிழுக்குத் தாமதமாக வரக் காரணமாக இருந்த அதே மலையாளம், 50 வயதில் அவருக்கு நாவலின் கருப்பொருளானது. பள்ளிப் படிப்பால விட்டுப்போனதுன்னு நினைச்சது எதுவும் வீணாகலை.

இது ஒருத்தரோட விதிவிலக்குன்னு தோணலாம். அப்படியே மேற்கே கடற்கரைக்கு வாங்க, விளவங்கோடு பக்கம் தேங்காய்ப்பட்டணம். தோப்பில் முஹம்மது மீரான் 1944இல் அங்கே பிறந்தார். அவரும் மலையாளத்தில் படித்தவர். ஆரம்பத்தில் மலையாள எழுத்தில் எழுதி, இன்னொருவர் அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றித் தரும் நிலை இருந்தது. பிழைப்புக்கு மிளகாய் வற்றல் வியாபாரம். முதல் நாவல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் புத்தகமாக வந்தபோது அவருக்கு 40 வயது தாண்டிவிட்டது. 1997இல் 'சாய்வு நாற்காலி'க்காக சாகித்திய அகாதெமி விருது. அவர் பக்கங்களில் வருவது மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்த கடற்கரை முஸ்லிம்களின் தமிழ். பாடப்புத்தகத் தமிழ் முதலில் கைக்கு வராததுதான், அவர் காதில் இருந்த தமிழைக் காப்பாற்றிக் கொடுத்ததோ என்று எனக்குத் தோன்றும்.

நாஞ்சில் நாடன் கதை வேற மாதிரி. தமிழ் அவருக்குப் பிரச்சினையே இல்லை. வீரநாராயணமங்கலத்துக்காரர், கணிதத்தில் முதுகலை. வேலைக்காக பம்பாய் போனார். முதல் கதை 'விரதம்' வந்தது 1975இல், 'தீபம்' இதழில். முதல் நாவல் 'தலைகீழ் விகிதங்கள்' 1977. வயலும் குளமும் அடுக்களையும் நிறைந்த நாஞ்சில் நாட்டை அவர் எழுதத் தொடங்கியது, அதைவிட்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்தபோது. தூரமும் ஒரு வாத்தியார்தான். சென்னையிலோ பெங்களூரிலோ வாடகை அறையில் இருந்துக்கிட்டு இதைக் கேக்கறவங்க, இதை மட்டும் குறிச்சு வச்சுக்கோங்க.

மூணு பேரையும் சேர்த்துப் பார்த்தா ஒரு விஷயம் தெரியுது. தாமதம் தானா யாரையும் எழுத்தாளர் ஆக்காது. தாமதமா வந்தவங்க பலரும் எழுதாமலே போயிருப்பாங்க, அவங்க பேர் வரலாற்றில் இருக்காது. அதையும் மறக்கக் கூடாது. ஆனா இவங்க மூணு பேரும் தங்களுக்குக் குறைன்னு சொல்லப்பட்டதையே மூலதனமாக்கினாங்க. சு.ரா.வுக்கு மலையாளம், மீரானுக்குக் கடற்கரைப் பேச்சு, நாடனுக்கு ஊரைவிட்டு வந்த ஏக்கம். சு.ரா.வும் மீரானும் வியாபாரம், நாடன் வேலைன்னு மூணு பேருமே பிழைப்பைப் பார்த்துக்கிட்டேதான் எழுதினாங்க.

இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவங்களுக்கு என் யோசனை இது. உங்களுக்குப் பிடிச்ச ஒரு ஆங்கிலச் சிறுகதையை எடுத்து, தினம் அரைப் பக்கம் தமிழுக்குக் கொண்டுவாங்க. வெளியிட வேண்டாம், கை பழகட்டும். வார்த்தை வராத இடத்துல அகராதியைத் திறக்கறதுக்கு முன்னாடி, உங்க பாட்டி இதை எப்படிச் சொல்லியிருப்பாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

வாசிக்க ஆரம்பிக்கறவங்க 'ஒரு புளியமரத்தின் கதை'யில இருந்து தொடங்கலாம். முதல் அத்தியாயங்களில் ஆசான் பேசுவதை வாய்விட்டுப் படிங்க. 18 வயசுல எழுத்துக் கூட்டின ஒருத்தர் எழுதினதுன்னு நினைச்சுக்கிட்டே படிங்க.