பாயாவும் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பும்

ஆட்டுக்கால் பாயா சாப்பிட்டா விரல் ஒட்டும்ல? அதுக்குக் காரணம் கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண் எல்லாத்தையும் இறுக்கிப் பிடிச்சிருக்கிற புரதம். அது எப்படிக் கட்டப்பட்டிருக்குன்னு கண்டுபிடிச்ச கதை, நம்ம ஊத்துக்கோட்டைல பஸ் ஏறினா போயிடக்கூடிய சென்னையில நடந்தது.

1952-ல ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரா வர்றார். வயசு முப்பதுகூட இருக்காது. கொலாஜனோட அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடலைன்னு, அங்க வந்திருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னல் சொல்றார். அது போதுமா இருந்தது.

இங்க ரெண்டு வகைப் பிணைப்பு இருக்கு. கார்பன், நைட்ரஜன் மாதிரி அணுக்கள் எலக்ட்ரானைப் பகிர்ந்து நீளமான சங்கிலி ஆகுது. இது பலமானது. சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவுல ஹைட்ரஜன் பிணைப்பு. நைட்ரஜன் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கும். அதனால லேசா பாசிட்டிவ் ஆன ஹைட்ரஜனைப் பக்கத்துச் சங்கிலியோட ஆக்சிஜன் ஈர்க்கும். இது பலவீனம்தான். கொதிக்க வெச்சா விட்டுப்போகும், சங்கிலிகள் பிரிஞ்சு ஜெலட்டின் ஆகும். பாயாவுல ஒட்டுறது அதுதான்.

1954-ல கோபிநாத் கர்த்தாவோட சேர்ந்து 'நேச்சர்' இதழ்ல ராமச்சந்திரன் சொன்னது: கொலாஜன்ல மூணு சங்கிலி. அடுத்த வருஷம், மூணும் கயிறு மாதிரி முறுக்கிக்குதுன்னு திருத்தினார். மூணு அமினோ அமிலத்துக்கு ரெண்டு ஹைட்ரஜன் பிணைப்புன்னு அவர் கணக்கு. கேம்பிரிட்ஜ்ல இருந்து கிரிக்கும் ரிச்சும் மறுத்தாங்க: ஒண்ணுதான் சாத்தியம், உங்க மாடல்ல சில அணுக்கள் ரொம்ப நெருங்கி நிக்குது.

மூணு சங்கிலி விஷயத்துல சென்னை ஜெயிச்சது. பிணைப்பு எண்ணிக்கையில கேம்பிரிட்ஜ். வாட்ஸ்அப் ஃபார்வர்டுல இந்த ரெண்டாவது பாதி வராது, ஆனா கதையே அங்கதான் சூடு பிடிக்குது.

'ரொம்ப நெருக்கம்'னா எவ்வளவு? அதுவரை வெளியான படிக அமைப்புகளை அலசி, எந்த அணு எந்த அணுவை எவ்வளவு கிட்ட விடும்னு ராமச்சந்திரன் குழு தூரங்களைத் தொகுத்தது. அமினோ அமிலங்களை இணைக்கிற பெப்டைடு பிணைப்பு சுழலாது. அதுக்கு ரெண்டு பக்கமும் இருக்கிறது சுழலும். அந்த ரெண்டு கோணத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தா, பெரும்பாலான இடத்துல அணுக்கள் மோதுது. மிச்சம் சில தீவுகள்தான். ராமகிருஷ்ணன், சசிசேகரனோட 1963-ல வெளியிட்ட அந்த வரைபடம்தான் ராமச்சந்திரன் பிளாட்.

இன்னிக்கும் புதுசா ஒரு புரத அமைப்பு வந்தா இதை வெச்சுச் சரிபார்க்கிறாங்க. நம்ம பாஷைல யூனிட் டெஸ்ட். கிளைசின் மட்டும் தாராளமா வெளிய போகும், ஏன்னா அதோட பக்கக்கிளை வெறும் ஒரு ஹைட்ரஜன். கொலாஜன்ல ஒவ்வொரு மூணாவது இடத்துலயும் இருக்கிறது அந்த கிளைசின்தான். மூணு இழை சேர்ற நடுவுல வேற எதுக்கும் இடம் இல்ல.