ட்ரூரி மரபு

ட்ரூரி மரபு என்பது காண்ட்ராக்ட் பிரிட்ஜ் சீட்டாட்டத்தின் ஏலத்தில் பயன்படும் ஒரு செயற்கைக் கோரிக்கை முறையாகும். முதலில் பாஸ் கூறிவிட்ட ஆட்டக்காரர், தம் இணையாளர் மூன்றாவது அல்லது நான்காவது இடத்திலிருந்து 1 ஹார்ட் அல்லது 1 ஸ்பேட் எனத் தொடங்கும்போது 2 கிளப் என விடையளிப்பார். இவ்விடைக்கும் கையிலுள்ள கிளப் சீட்டுகளுக்கும் தொடர்பில்லை. தொடங்கியவரின் வகையில் தம்மிடம் குறைந்தது 3 சீட்டுகளும், ஏறத்தாழ 10 முதல் 12 புள்ளிகளும் உள்ளன என்பதே இதன் பொருளாகும். ஏஸ் 4, கிங் 3, குயின் 2, ஜாக் 1 எனப் புள்ளிகள் கணக்கிடப்படும்.

வரலாறு

கனடாவைச் சேர்ந்த ஆட்டக்காரர் டக்ளஸ் ட்ரூரி 1950களில் இம்மரபை உருவாக்கினார். அவருடைய இணையாளர் எரிக் மரே மூன்றாவது இடத்திலிருந்து வலிமை குறைந்த கைகளுடனும் ஏலத்தைத் தொடங்கியதே இதற்குக் காரணம் எனக் கூறப்படுகிறது.

தேவை

வழக்கமாக ஏலத்தைத் தொடங்க 12 அல்லது 13 புள்ளிகள் வேண்டும். முதல் இருவரும் பாஸ் கூறிய பின், நான்காவது ஆட்டக்காரரைத் தடுக்கவோ இணையாளருக்கு நல்ல முதற்சீட்டைச் சுட்டவோ மூன்றாமவர் 10 புள்ளிகளுடனும் தொடங்குவதுண்டு. அப்போது இணையாளர் நேரடியாக 3 ஸ்பேட் எனத் தாவினால் ஏலம் தாங்கக்கூடிய உயரத்தைக் கடந்துவிடும். ட்ரூரி மரபு 2 ஸ்பேடிலேயே நிற்க வழிசெய்கிறது.

தொடங்கியவரின் மறுமொழி

மூல முறையில், 2 டைமண்ட் என்பது வலிமை குறைந்த தொடக்கத்தைக் காட்டும். பின்னர் பரவலான தலைகீழ் ட்ரூரி முறையில், தம் வகையையே இரண்டாம் நிலையில் மீண்டும் கூறுவது அதே பொருளைத் தரும். 2 டைமண்ட் முழுமையான தொடக்கத்தைக் காட்டும். இருவழி ட்ரூரி என்ற மற்றொரு வடிவத்தில், விடையளிப்பவரின் 2 கிளப் 3 சீட்டு ஆதரவையும், 2 டைமண்ட் 4 சீட்டு ஆதரவையும் குறிக்கும்.

எடுத்துக்காட்டு

பாஸ் கூறியவரின் கை (11 புள்ளிகள்):
ஸ்பேட் கிங் 9 4. ஹார்ட் ஏஸ் 8 2. டைமண்ட் கிங் ஜாக் 7 3. கிளப் 9 6 5

மூன்றாவது இடத்தில் 1 ஸ்பேட் எனத் தொடங்கியவரின் கை (10 புள்ளிகள்):
ஸ்பேட் ஏஸ் குயின் ஜாக் 7 3. ஹார்ட் 9 6. டைமண்ட் குயின் 8 4. கிளப் ஜாக் 7 2

எதிரணி ஹார்ட் வகையில் தொடங்கிச் சரியாக ஆடினால் கிளப்பில் 3, ஹார்ட்டில் 1, டைமண்டில் 1 என 5 பிடிகளை இழக்க நேரும். எஞ்சும் 8 பிடிகள் 2 ஸ்பேட் ஒப்பந்தத்துக்குப் போதுமானவை. 3 ஸ்பேட் ஒப்பந்தம் ஒரு பிடியால் தோற்கும். தலைகீழ் ட்ரூரியில் 1 ஸ்பேட், 2 கிளப், 2 ஸ்பேட், பாஸ் என ஏலம் முடிவடையும்.

குறைபாடுகள்

இம்மரபை ஏற்றவர்கள், பாஸ் கூறிய பின் உண்மையான கிளப் வகையை 2 கிளப் எனக் கூற இயலாது. தொடங்கியவர் மரபை மறந்து பாஸ் கூறினால், கிளப்பே துருப்பாகிவிடும். மேற்கண்ட கைகளில் இருவரிடமும் சேர்த்து 6 கிளப் சீட்டுகளே உள்ளன. எதிரணி இடையில் இரட்டிப்போ கோரிக்கையோ செய்தால் மரபு தொடருமா என்பதை இணையாளர்கள் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். செயற்கைக் கோரிக்கையின் பொருளை அறிய எதிரணியினருக்கும் உரிமை உண்டு.