விடை வேண்டா வினா: நாவலர் முதல் அண்ணா வரை ஒரு வாத உத்தியின் வளர்ச்சி

நன்னூல் இயற்றிய பவணந்தியார் வினாவை ஆறாக வகுத்தார்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா. ஆசிரியர் மாணவனைக் கேட்பது, மாணவன் ஆசிரியரைக் கேட்பது, கடையில் பருப்பு உண்டா என்று விசாரிப்பது எல்லாம் இந்த ஆறுக்குள் அடங்கிவிடும். கூட்டத்தைப் பார்த்து ‘இது நியாயமா?’ என்று முழங்குகிறவரின் வினாதான் எதிலும் சரியாகப் பொருந்துவதில்லை. விடை அவருக்குத் தெரியும் என்பதால் அதை அறிவினாவில் சேர்க்கலாம். ஆனால் கேட்போரின் அறிவைச் சோதிப்பது அவர் நோக்கமன்று. பவணந்தியாரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் இலக்கணத்தில் கேட்பவர் ஒருவர், சொல்பவர் ஒருவர். முகம் தெரியாத திரள் அதில் இல்லை. அந்த ஏழாவது வினா தமிழ் உரைநடையில் எப்படி உருவாயிற்று என்பதே இக்கட்டுரையின் தேடல். உத்தியை மாற்றியது எழுதியவரின் திறமையைவிட எதிரே இருந்தவர் யார் என்பதே என்பது என் துணிபு.

சமய வாதத்துக்குத் தமிழில் நீண்ட மரபு உண்டு. மணிமேகலை சமயக் கணக்கர் ஒவ்வொருவரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். நீலகேசி எதிரிகளைத் தேடிச் சென்று வாதிட்டு வெல்கிறாள். இரண்டிலும் வினாவுக்கு உரியவர் எதிரே நிற்கிறார். அவர் விடை சொல்ல வேண்டும், அல்லது தோற்க வேண்டும்.

அச்சு வந்தபின் நிலை மாறுகிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு லூத்தரின் ஞானோபதேச வினாவிடையைத் தமிழில் தந்தார். வினாவையும் விடையையும் ஒரே ஆசிரியர் எழுத, சிறுவர்கள் இரண்டையும் மனப்பாடம் செய்யும் அமைப்பு அது. எதிர்வாதி நுழைய அதில் இடமே கிடையாது. பின்னாளில் ஆறுமுக நாவலர் ‘சைவ வினாவிடை’ எழுதியபோது இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டார். எதிரியின் பாடசாலையில் பயன்பட்ட கருவி தம் பாடசாலைக்கும் ஆகும் என்பதில் அவருக்குத் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை.

நாவலரிடம் சற்று நிற்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பீற்றர் பார்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் அவர். 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதல் பிரசங்கத்தைச் செய்தார். தமிழ் மேடைப்பேச்சை ஆராய்ந்த பெர்னார்ட் பேட், புராட்டஸ்டண்டுப் பிரசங்க முறை கோயிலுக்குள் நுழைந்த நிகழ்ச்சியாக இதைக் காண்கிறார். அதுவரை கோயிலில் நடந்தது புராண படனம்: பாட்டைப் படித்துப் பொருள் சொல்வது. நாவலர் செய்ததோ, எடுத்துக்கொண்ட ஒரு பொருள்மீது கேட்போரை நோக்கிப் பேசுவது.

1854இல் வெளிவந்த ‘சைவதூஷண பரிகாரம்’ அந்தப் பேச்சின் எழுத்து வடிவம் போன்றது. சைவக் கிரியைகளை மிஷனரிகள் இகழ்ந்தார்கள். நாவலர் விவிலியத்தைத் திறந்தார். எருசலேம் ஆலயத்துக்கு விதிக்கப்பட்ட தூபம், தீபம், பலி, குருமார் ஆசாரம் ஆகியவற்றைச் சிவாலய வழிபாட்டுக்கு எதிரே நிறுத்தினார். எங்களுடையது மூடம் என்றால் உங்கள் வேதம் விதித்தது என்ன என்பதே நூல் முழுதும் ஓடும் தொனி. நன்னூல் இதை ‘வினா எதிர் வினாதல்’ என்று விடைவகையில் சேர்த்திருக்கிறது. ஆனால் பழைய வாதத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பாதிரியார் படித்து மனம் மாறுவார் என்று நாவலர் எண்ணியிருக்க முடியாது. மிஷன் துண்டுப்பிரசுரங்களைப் படித்துக் கூச்சப்பட்டுப்போன சைவ இளைஞனுக்காகவே அந்த வினாக்கள் எழுதப்பட்டன. கேட்கப்பட்டவர் ஒருவர், கேட்க வேண்டியவர் வேறொருவர். விடை வேண்டா வினா தமிழ் உரைநடையில் உருப்பெற்றது இந்தப் பக்கவாட்டுப் பார்வையில்தான் என்று கருதுகிறேன்.

அடுத்த அரை நூற்றாண்டில் அரசியல் மேடை உருவாயிற்று. 1907இல் சென்னைக் கடற்கரையில் விபின் சந்திர பாலர் ஆங்கிலத்தில் பேசினார். மறு ஆண்டு தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் ஆலைத் தொழிலாளரிடம் தமிழில் பேசினார்கள். பத்தாண்டுக்குப்பின் சென்னைத் தொழிற்சங்க மேடையில் திரு.வி.க. செந்தமிழைப் பொதுக்கூட்டத்துக்குப் பழக்கினார்.

1925 மே மாதம் ‘குடி அரசு’ தொடங்கிய பெரியாரிடம் வினா வேறு வேலை செய்யத் தொடங்குகிறது. அவர் நடையில் அழகு தேடுவோர் ஏமாறுவர். வாக்கியம் ‘ஆகவே’, ‘ஏனெனில்’ என்று கொடிபோல நீளும். ஈரோட்டு மண்டிக்கடைக் கணக்கு அவர் கேள்விகளிலும் உண்டு: இதனால் யாருக்கு லாபம், செலவு யார் தலையில்? ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்ற நூல் தலைப்பைப் பாருங்கள். ‘பெண் அடிமையா?’ என்று கேட்டிருந்தால் வாசகர் இல்லை என்று சொல்லிப் புத்தகத்தை மூடியிருக்கலாம். ‘ஏன்’ என்று கேட்டதும் அடிமை என்பது ஒப்புக்கொண்ட உண்மையாகிவிடுகிறது. காரணத்தைத் தேடுவது மட்டுமே வாசகர் வேலை. வாதத்தின் கடினமான பாதியைத் தலைப்பே முடித்துவிட்டது. நான் சொல்வதால் நம்பாதீர்கள், உங்கள் அறிவைக்கொண்டு முடிவு செய்யுங்கள் என்று அவர் கூட்டங்களில் திரும்பத் திரும்பச் சொன்னதையும் இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். அது அவருடைய உண்மையான கொள்கை. கூடவே, வற்புறுத்தலுக்கு அதைவிட வலிய உத்தியும் இல்லை. நீயே முடிவு செய் என்று விடப்பட்டவன் தான் கண்ட முடிவை எளிதில் கைவிட மாட்டான்.

அண்ணாவின் நடை இதற்கு நேர் எதிர்த் திசையில் போயிற்று. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிப்பது பற்றி 1943இல் அவரும் ரா.பி. சேதுப்பிள்ளையும் மேடையில் வாதிட்டனர். அது ‘தீ பரவட்டும்’ என்ற பெயரில் நூலாயிற்று. எதுகை மோனை அடுக்கு திராவிட இயக்கத்துக்கே உரியது என்று இன்று பலர் நினைக்கிறார்கள். அந்த மேடையில் எதிரே அமர்ந்திருந்த பேராசிரியரும் அடுக்குமொழியில் பேர்போனவர்தான். அது அந்தக் காலத்துத் தமிழ் மேடையின் பொதுச் சொத்து. அண்ணாவின் தனித்தன்மையை வேறிடத்தில் தேட வேண்டும்.

1955 முதல் ‘திராவிட நாடு’ இதழில் அவர் எழுதிய ‘தம்பிக்கு’ கடிதங்கள் அதைக் காட்டுகின்றன. அக்கடிதங்களில் எதிர்க்கட்சிக்காரரின் வாதம் எதிர்க்கட்சிக்காரர் வாயிலாக வருவதைக் காட்டிலும் தம்பியின் ஐயமாக வருவதே சிறப்பு. அண்ணா இப்படிச் செய்யலாமா என்று நீ கேட்பாய் என்று தொடங்கி, பொறுமையாக விளக்கம் தொடர்கிறது. கடினமான மறுப்பும் வீட்டுக்குள் இளையவன் எழுப்பிய சந்தேகமாகச் சுருங்கிவிடுகிறது. அண்ணனிடம் ஐயம் கேட்கலாம். அண்ணன் சொன்னபின் அடம்பிடிப்பது அழகல்ல. வினாவும் விடையும் ஒரே கையிலிருந்து வரும் ஞானோபதேச முறை ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக்குப்பின் இப்படிக் குடும்ப உருவில் திரும்பிற்று. பெரியார் வாசகரிடம் விட்டுவைத்த வினாவை அண்ணா அன்போடு திரும்ப வாங்கிக்கொண்டார் என்பேன். தேர்தல் அரசியலுக்கு வந்துகொண்டிருந்த அவர் கட்சிக்கு இது தேவையாகவும் இருந்தது. சிந்திப்பவனைத் தனியே விட்டுவிட்டுச் சீர்திருத்தம் பேசலாம். வாக்குச்சாவடிக்கு எல்லாரும் ஒன்றாக வர வேண்டும்.

இந்த உறவில் யார் இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. தம்பி என்று விளிக்கப்பட்ட வாசகர் ஆண், இளையவர், ஏற்கெனவே உள்ளே இருப்பவர். ‘முரசொலி’யில் கருணாநிதி எழுதிய கடிதங்களின் ‘உடன்பிறப்பே’ என்ற விளி தங்கையையும் உள்ளே அழைத்தது. வெளியே நிற்பவரை அழைக்க அந்தக் கடித வடிவத்தில் சொல் இல்லை. அவரை நோக்கிப் பேச மேடையும் சட்டமன்றமும் திரைப்பட வசனமுமே பயன்பட்டன.