பேனாக்கத்தியும் ஒரு வளையமும்

உங்களிடம் பேனாக்கத்தி இருக்கிறதா? இறகுப் பேனாவைச் சீவ உதவியதால் வந்த பெயர் அது.

பிரான்சின் சவாய் மலைப்பகுதியில், வெட்டுக் கருவிகள் செய்யும் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஒப்பினெல், 1890-இல், தம் 18-ஆம் வயதில், எளிய மடக்குக் கத்தி ஒன்றைச் செய்தார். மரப்பிடி, ஆணியில் திரும்பும் எஃகு அலகு; அவ்வளவே! விலை குறைவு. ரொட்டி நறுக்கவும் கொடி கழிக்கவும் உழவர்களுக்கு உதவிற்று.

கூர்விளிம்பின் பரப்பு மிகச் சிறிது. ஆகவே சிறு விசையும் பேரழுத்தமாகிறது. அலகு தவறி மடங்கினால், விரலுக்கும் அதே அழுத்தந்தான்! 1955-இல் அவர் மகன் மார்செல், சுழலும் வளையம் ஒன்றைச் சேர்த்தார். அதைத் திருப்பினால் திறந்த அலகு மடங்காது. இச்சிறு வளையம் வர 65 ஆண்டுகள்!

உங்கள் கத்தியில் பூட்டு இல்லையேல், அதன் முனையால் குத்தித் துளையிடாதீர்கள்.